ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டுகிறது: செல் கவுண்டரைக் கலிபரேட் செய்துவிடலாமா?

புதுவயல் லேப்

வணக்கம். புதுவயலில் சிறிய லேப் வைத்திருக்கிறேன். ரத்த அணுக்களை எண்ணி, மூன்று வகை வெள்ளையணுக்களைப் பிரித்துக் காட்டும் செல் கவுண்டர் ஒன்று உண்டு. பிரச்சினை அதில்தான்.

எங்களிடம் பார்த்த கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 10.6 வந்தது. அதே வாரத்தில் காரைக்குடியில் பெரிய லேப் ஒன்றில் பார்த்திருக்கிறார்கள். அங்கே 11.2. கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. ஆக, ஒரு தாளில் அவருக்கு நோய் இருக்கிறது, இன்னொரு தாளில் இல்லை. டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் மெஷின் எப்போதும் குறைத்தே காட்டுகிறதோ?" என்று கேட்டுவிட்டார்.

மெஷினைச் சோதிக்க மதிப்புத் தெரிந்த திரவம் வரும், அதுதான் கண்ட்ரோல்; லோ, நார்மல், ஹை என்று மூன்று நிலை. அதில் நார்மல் கண்ட்ரோலை ஓட்டிப் பார்த்தேன். தாளில் 13.2 என்று இருக்கிறது, வரம்பு 12.6 முதல் 13.8 வரை. என் மெஷின் 12.5 காட்டுகிறது. மெஷின் வாங்கிய இடத்தில் கேட்டால், "கலிபரேஷன் (மெஷின் காட்டும் அளவைத் திருத்தும்) பக்கத்தைத் திறந்து, அந்தக் கண்ட்ரோலையே ஓட்டி, 13.2 என்று அடித்து ஓகே கொடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். எம்.சி.எச்.சி. (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவு என்று காட்டும் எண்) 33க்கு மேல் ஒழுங்காகவே வருகிறது என்பதால் வேறு கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன். செய்யலாமா? காலையில் ஆட்கள் வருவதற்குள் யாராவது சொன்னால் நல்லது.

தேவகோட்டை சர்வீஸ்

செய்யலாம். இந்த வட்டாரத்தில் பல லேப்களில் அப்படித்தான் நடக்கிறது. மெஷினைத் திருத்துவதற்கென்றே வரும் கலிபரேட்டர் திரவத்தைத் தனியாக வாங்க வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும், குளிர்ப்பெட்டியில் வர வேண்டும், திறந்தபின் சில நாட்களில் காலாவதியாகிவிடும். ஒரு நாளைக்கு இருபது முப்பது சாம்பிள் பார்க்கும் லேப் அந்தச் செலவைத் தாங்குமா? புத்தகத்தில் எழுதியிருப்பது வேறு, ஊரில் நடப்பது வேறு.

கானாடுகாத்தான்

தம்பி, அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். பலரும் செய்கிறார்கள் என்பது ஒரு காரணமே அல்ல.

கண்ட்ரோல் என்பது மெஷினைச் சோதிக்க வந்த திரவம். அதைக் கொண்டே மெஷினைத் திருத்திவிட்டால், மறுநாள் அதே கண்ட்ரோல் 13.2 காட்டத்தான் செய்யும். மாணவனே தன் தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டுக்கொண்ட கதைதான். கண்ட்ரோல் தாளில் அவ்வளவு அகலமான வரம்பு கொடுத்திருப்பதன் காரணமும் அதுதான். மெஷின் ஏறக்குறைய சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க அது போதும், மெஷினை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய அது போதாது. கலிபரேட்டருக்கான மதிப்பை மூல முறைகளோடு ஒப்பிட்டு நிர்ணயித்திருப்பார்கள். ஹீமோகுளோபினுக்கு அந்த மூல முறை சயன்மெட்ஹீமோகுளோபின்.

இன்னொன்று. ஹீமோகுளோபினை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் அதைப் பற்றிக் கேட்டார் என்பதற்காக மெஷினும் அதில் மட்டும்தான் தவறும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கண்ட்ரோலின் மூன்று நிலைகளிலும் என்ன வந்தது, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்), எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) எல்லாம் என்ன வந்தது என்று எழுதுங்கள். சாம்பிள் வைக்காமல் ஓட்டும் பேக்ரவுண்டு எவ்வளவு என்பதும் வேண்டும். தினமும் கண்ட்ரோல் போட்டு வரைபடம் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். கடைசிப் பத்துப் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன?

பள்ளத்தூர் கலெக்‌ஷன் சென்டர்

மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் கண்ட்ரோல் குப்பியையே சந்தேகப்படுங்கள் தம்பி. மதுரையிலிருந்து பஸ் பார்சலில்தானே வருகிறது? அக்னி நட்சத்திர வெயிலில் பஸ்ஸின் மேலே கிடந்து, ஐஸ் ஜெல் எல்லாம் வெந்நீர் மாதிரி ஆகி வந்த குப்பியை நான் பார்த்திருக்கிறேன். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் அது. அசைக்காமல் நிற்க வைத்துப் பாருங்கள். மேலே தெளியும் நீர் சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம், அந்தக் குப்பி வீண்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஓட்டவில்லையே? அறை வெப்பத்துக்கு வரக் கால் மணி நேரமாவது விட வேண்டும். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், நுரைத்தால் எண்ணிக்கை போய்விடும்.

புதுவயல் என்றால் அரிசி ஆலைத் தூசியும் உண்டு. ஆலை மோட்டார் ஓடத் தொடங்கும்போது மின்சாரம் ஆடும். யு.பி.எஸ். இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா?

புதுவயல் லேப்

அக்கா, யு.பி.எஸ். இருக்கிறது, எர்த் தனியாகப் போட்டிருக்கிறேன். தெருப்பக்க ஜன்னலைத் திறப்பதே இல்லை. குப்பியில் மேல்நீர் தெளிவாக இருக்கிறது. புதிதாகப் பிரித்த இன்னொரு குப்பியிலும் அதே எண்கள்தான்.

ஐயா கேட்டவை: பேக்ரவுண்டு சுத்தம், வெள்ளையணு 0.1, சிவப்பணு 0.00, ஹீமோகுளோபின் 0.0, தட்டணு 2.

லோ கண்ட்ரோல் ஹீமோகுளோபின் 6.0 இருக்க வேண்டும், 5.7 வருகிறது. நார்மல் 13.2க்கு 12.5. ஹை 17.0க்கு 16.1.

நார்மலில் மற்றவை: சிவப்பணு 4.50க்கு 4.27. வெள்ளையணு 7.5க்கு 7.1. தட்டணு 230க்கு 217. எம்.சி.வி. 88.0க்கு 88.2. இவை எல்லாமே தாளில் உள்ள வரம்புக்குள் இருந்ததால் இவற்றுக்கு மெஷின் எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை.

வரைபடத்தைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் புள்ளிகள் கொஞ்ச காலமாகவே நடுக்கோட்டுக்குக் கீழேதான் வரிசையாக நிற்கின்றன.

கானாடுகாத்தான்

இப்போது கதை வேறு மாதிரி இருக்கிறது, பாருங்கள்.

முதலில் மூன்று நிலைகளையும் வகுத்துப் பார்ப்போம். 6.0க்கு 5.7, 13.2க்கு 12.5, 17.0க்கு 16.1. மூன்றிலும் சுமார் 5 சதவீதம் குறைவு. இது விகிதப்படி வரும் குறைவு. ஹீமோகுளோபின் பார்க்கும் கண்ணாடிக் குழியில் அழுக்குப் படிந்தோ, வெற்று அளவு தப்பியோ இருந்தால் மூன்றிலும் ஒரே அளவு, அதாவது 0.5 என்றால் மூன்றிலும் 0.5 கூடவோ குறையவோ செய்யும். அது இங்கே இல்லை. விகிதப்படி குறைந்தால் கலிபரேஷன்தான் காரணம் என்று பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஆனால் சிவப்பணுவும் 5 சதவீதம் குறைவு. வெள்ளையணுவும் 5. தட்டணுவும் ஏறக்குறைய அதே. நான்கு கலிபரேஷன் எண்களும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டு ஒரே அளவு கீழே இறங்குமா? எம்.சி.வி. மட்டும் அசையவே இல்லை, கவனித்தீர்களா? எம்.சி.வி. என்பது ஓர் அணுவின் பருமன். துளை வழியாக அணு போகும்போது எழும் மின்துடிப்பின் உயரத்தை வைத்து அதை அளக்கிறார்கள். வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற தத்துவம், இன்றும் அதேதான். எத்தனை அணுக்கள் போகின்றன என்பது ரத்தத்தை எவ்வளவு எடுத்து எவ்வளவு கரைத்தோம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே எண்ணிக்கை எல்லாம் குறைந்து, பருமன் மட்டும் அப்படியே நின்றால், மெஷின் ரத்தத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது. அவ்வளவுதான்.

இன்னும் கிட்டே போகலாம். இந்த வகை மெஷின்களில் பெரும்பாலானவை ரத்தத்தை முதலில் ஒருமுறை கரைக்கும். வெள்ளையணுவும் ஹீமோகுளோபினும் அதிலிருந்து வரும். அதில் சிறிது எடுத்து மறுபடியும் பெருமளவு கரைத்துச் சிவப்பணுவையும் தட்டணுவையும் எண்ணும். இரண்டாவது கரைப்பில் கோளாறு என்றால் சிவப்பணுவும் தட்டணுவும் மட்டும் விழும். உங்களுக்கு நான்கும் விழுந்திருக்கிறது. முதல் உறிஞ்சலில்தான் கோளாறு. ஊசியில் சிறு கட்டி அடைத்திருக்கலாம், சாம்பிள் சிரிஞ்சு கசியலாம், குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

எம்.சி.எச்.சி. ஒழுங்காக இருக்கிறது என்று நிம்மதி அடைந்தீர்களே, இந்த ஒரு கோளாற்றில் அது வாயைத் திறக்காது. ஹீமோகுளோபினை ஹீமட்டோகிரிட்டால் வகுத்து வருவது அது. ஹீமட்டோகிரிட்டோ (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு) சிவப்பணுவை எம்.சி.வி.யால் பெருக்கி வருவது. மேலேயும் 5 சதவீதம் குறைவு, கீழேயும் 5 சதவீதம் குறைவு. விடை மாறாது.

இப்போது 13.2 என்று அடித்து ஓகே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹீமோகுளோபின் மட்டும் மேலே ஏறும், சிவப்பணு கீழேயே கிடக்கும். கண்ட்ரோலில் 33 இருந்த எம்.சி.எச்.சி. 35ஐத் தொடும். அதைப் பார்த்துப் பயந்து சிவப்பணுவையும் திருத்துவீர்கள். பிறகு ஒருநாள் யாராவது அந்தக் கசிவைச் சரிசெய்வார்கள். அன்றிலிருந்து எல்லாம் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். உண்மையில் 10.6 உள்ள கர்ப்பிணி உங்கள் தாளில் 11.2 ஆகிவிடுவார். ரத்தசோகை இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குறைத்துக் காட்டியதாவது டாக்டரைத் தொலைபேசியை எடுக்க வைத்தது. கூட்டிக் காட்டினால் யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள்.

காரைக்குடி பேத்தாலஜி

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்று சேர்க்கிறேன். நோயாளிகளின் எம்.சி.வி., எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்), எம்.சி.எச்.சி. சராசரியை இருபது இருபதாகத் தொடர்ந்து கணக்கிட்டு மெஷினைக் கண்காணிக்கும் முறை பல மெஷின்களில் உள்ளேயே இருக்கிறது. பிரையன் புல் என்பவர் 1970களில் கொண்டுவந்தது. கண்ட்ரோலுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் அதை மட்டும் நம்புகிறார்கள். உறிஞ்சல் குறையும்போது அந்த மூன்றும் அசையாது என்பதால், தம்பியின் கோளாற்றை அது ஒருபோதும் பிடித்திருக்காது. கூடவே, நம் பக்கம் இரும்புச்சத்துக் குறைபாடு அதிகம் என்பதால் வெளிநாட்டுச் சராசரியை இலக்காக வைத்தால் நாள் முழுவதும் வீண் எச்சரிக்கை வரும். சொந்த நோயாளிகளின் சராசரியை வைக்க வேண்டும்.

காரைக்குடி லேப் சரியா, புதுவயல் லேப் சரியா என்ற கேள்விக்கும் இப்படிப் பக்கத்து லேப் எண்ணை வைத்து முடிவு காணக் கூடாது. பெரிய லேப் என்பதால் அங்கே மெஷின் தவறாது என்று இல்லை. வெளித் தர ஒப்பீட்டில் சேருங்கள். ரத்த அணுக்களுக்கு எய்ம்ஸ் நடத்துகிறது, பயோகெமிஸ்ட்ரிக்கு வேலூர் சி.எம்.சி. நடத்துகிறது. எல்லோருக்கும் ஒரே சாம்பிள் வரும், நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

தேவகோட்டை சர்வீஸ்

ஐயா சொன்ன எண்களைப் பார்த்தபின் நானும் உறிஞ்சல்தான் என்கிறேன். ஆனால் தம்பி, உடனே பாகம் மாற்ற ஓட வேண்டாம். முதலில் ஒரே சாம்பிளை, நல்ல புது இடிடிஏ ரத்தத்தை (உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் எடுத்ததை), பத்து முறை தொடர்ந்து ஓட்டுங்கள். ஹீமோகுளோபினின் சி.வி., அதாவது பத்து விடைகளும் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, ஒன்றரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு உறிஞ்சுகிறது. அந்த நிலையில் அசல் கலிபரேட்டரையே வைத்துக் கலிபரேட் செய்தாலும் பயனில்லை.

பிறகு இரவு மூடும்போது ஊசியைச் செறிவு க்ளீனரில் ஊறவிடுங்கள். கலக்காத இடிடிஏ குழாயிலிருந்து வரும் நூல் மாதிரியான கட்டி பாதித் துளையை அடைத்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் மெஷினை அணைத்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சாம்பிள் சிரிஞ்சின் அடியைப் பாருங்கள். ரத்தத்தைக் கரைக்கும் டைலூயன்ட் என்பது உப்புநீர். கசிந்தால் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கலிபரேட்டர் செலவு பற்றி நான் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அரியக்குடி

செலவுக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. மேலே சொன்ன சயன்மெட்ஹீமோகுளோபின் முறையைக் கையாலேயே செய்யலாம்: டிராப்கின் திரவம், சயன்மெட்ஹீமோகுளோபின் ஸ்டாண்டர்டு, நிறத்தின் அடர்வை அளக்கும் ஒரு நல்ல கலரிமீட்டர். 5 மில்லி திரவத்தில் 0.02 மில்லி ரத்தம், சிறிது நேரம் விட்டு 540 நானோமீட்டரில் பார்த்தால் தீர்ந்தது. அரசு லேபில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் இதைத்தான் நம்பினோம். மெஷினுக்கு இது அப்பன்.

கானாடுகாத்தான்

அப்பன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 0.02 மில்லி பிப்பெட்டை யார் கலிபரேட் செய்தார்கள்? வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்காமல் விட்டாலே சில சதவீதம் ஏறிவிடும். நாம் தேடுவதே 5 சதவீதக் குறைவை. கை பழகியவர் இரட்டை இரட்டையாகச் செய்தால் நம்பலாம், நேற்றுச் சேர்ந்த பிள்ளையிடம் கொடுத்தால் நம்ப முடியாது. இன்னொரு விஷயம், டிராப்கினில் சயனைடு இருக்கிறது. கழிவை ஆசிட் ஊற்றிக் கழுவும் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

கொத்தமங்கலம் வாசகர்

நான் லேப் ஆள் இல்லை, என் மகள் ஆறு மாதக் கர்ப்பம் என்பதால் இந்த இழையைப் படித்தேன். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வந்தால் எங்களைப் போன்றவர்கள் எதை நம்புவது?

காரைக்குடி பேத்தாலஜி

பயப்பட வேண்டாம் ஐயா. நல்ல மெஷின்கள் இரண்டுக்கு நடுவிலேயே 0.3, 0.4 வித்தியாசம் இயல்பாக வரும். உடம்பும் மாறும். படுத்திருந்தவரிடம் எடுத்த ரத்தத்துக்கும் நடந்து வந்தவரிடம் எடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு. கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டினாலும் எண் ஏறும். மகளுக்கு மாதாமாதம் ஒரே லேபில் பாருங்கள். போன மாதத்தைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பது, 11ஐ ஒரு புள்ளி தாண்டியதா என்பதைவிட முக்கியம். எண்ணில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் லேபிலேயே கேளுங்கள், "இன்று கண்ட்ரோல் ஓட்டினீர்களா?" என்று. ஒழுங்கான லேப் அதற்குக் கோபப்படாது. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

புதுவயல் லேப்

நடந்ததை எழுதுகிறேன். பத்து முறை ஓட்டியதில் ஹீமோகுளோபின் சி.வி. 2.4 வந்தது. ஊசியை ஊறவிட்டும் மாற்றமில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் சாம்பிள் சிரிஞ்சின் அடியில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. தேவகோட்டை அண்ணன் அன்று மாலையே பைக்கில் வந்து மாற்றிக் கொடுத்தார். வளையத்தின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மாற்றியபின் சி.வி. 0.9. நார்மல் கண்ட்ரோலில் ஹீமோகுளோபின் 13.1, சிவப்பணு 4.48, வெள்ளையணு 7.4, தட்டணு 228. எம்.சி.வி. பழையபடியே 88.1. கலிபரேஷன் பக்கத்தில் கை வைக்கவே இல்லை. டாக்டரிடம் விவரம் சொல்லி, அந்தப் பெண்ணுக்குக் கட்டணம் வாங்காமல் மறுபடி பார்த்துக் கொடுத்தேன். சந்தேகத்துக்குரிய நாட்களில் 10.5க்கும் 11க்கும் நடுவில் வந்த மற்ற கர்ப்பிணிகளையும் பதிவேட்டைப் பார்த்து வரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கேள்வி. பாகம் மாற்றியபின் கலிபரேட்டர் வைத்துச் சரிபார்க்க வேண்டுமா, கண்ட்ரோல் சரியாக வந்ததே போதுமா?

கானாடுகாத்தான்

சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பது என்றால் திருத்துவது என்று பொருள் இல்லை. கலிபரேட்டரை ஓட்டி, முதல் விடையை விட்டுவிட்டு, மீதியின் சராசரியைத் தாளில் உள்ள மதிப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் உங்கள் மெஷின் கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள், தேதி போட்டுப் பதிவேட்டில் ஒட்டுங்கள். தாண்டினால்தான் பழைய எண்ணைத் தாள் மதிப்பால் பெருக்கி, சராசரியால் வகுத்துப் புது எண் போடுவது. பழைய எண்ணை எழுதி வைக்காமல் மாற்றாதீர்கள். மாற்றியபின் மூன்று கண்ட்ரோலும் ஓட வேண்டும்.

பள்ளத்தூர் கலெக்‌ஷன் சென்டர்

தேவகோட்டைத் தம்பியின் செலவுக் கேள்விக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது. குப்பி திறந்தால் சில நாள்தான் என்றால், ஒரு குப்பியை ஒரே நாளில் இரண்டு மூன்று லேப் பங்கிட்டுக்கொண்டால் என்ன? காலையில் புதுவயல், மதியம் பள்ளத்தூர் மெயின் லேப். ஐஸ் பெட்டியில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

தேவகோட்டை சர்வீஸ்

நல்ல யோசனைதான் அக்கா, ஒரு நிபந்தனையோடு. கலிபரேட்டர் மதிப்பு மெஷினுக்கு மெஷின் வேறு. ஒரு கம்பெனி மெஷினுக்குக் கொடுத்த தாளை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் கண்ட்ரோலை வைத்துத் திருத்தியதைவிட மோசமாகும். ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் மட்டும் சேர வேண்டும். புதுவயல் மாடல் எனக்குத் தெரியும், பள்ளத்தூரில் இருப்பது அதே கம்பெனியின் பழைய மாடல். தாளில் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

புதுவயல் லேப்

அண்ணன் பார்த்துச் சொல்லட்டும். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் இதே மாடல் வைத்திருப்பவர்கள் இந்த இழையில் மாடல் பெயரையும் கடைசியாகக் கலிபரேட்டர் ஓட்டிய மாதத்தையும் எழுதுங்கள். மூன்று பேர் சேர்ந்தாலும் அடுத்த ஆர்டரை ஒன்றாகப் போட்டுவிடலாம்.